பன்றிக்குட்டிகளின் முதல் வாரக் கழிச்சல்: காரணமும் காப்பும்

உழவும் தறியும் நம் அங்கத்தினர்களின் இரு கைகள். மழை பொய்த்தால் ஒரு கை சோர்கிறது. நூல் விலை ஏறினால் மற்றொரு கை சோர்கிறது. ஆதலின் இவ்விரண்டுக்கும் துணையாக ஓர் உபதொழில் இருத்தல் நலம் என்பதை இவ்விதழில் பலமுறை வற்புறுத்தி வந்துள்ளோம். கறவை மாடு, ஆடு, கோழி, பட்டுப்புழு ஆகியவற்றோடு இன்று வெண்பன்றி வளர்ப்பும் சேர்ந்துள்ளது. நம் தருமபுரி மாவட்டத்தில் மரவள்ளி மிகுதியாகப் பயிராகிறது. ஜவ்வரிசி ஆலைகளில் மிஞ்சும் திப்பியைப் பிற தீவனங்களோடு அளவாகக் கலந்து பன்றிக்கு இடலாம். செங்கற்பட்டு மாவட்டத்துக் காட்டுப்பாக்கத்தில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தார், பெரிய வெள்ளை யார்க்‌ஷயர் இனத்தோடு நாட்டுப்பன்றியைச் சேர்த்து, ‘தானுவாஸ் கேபிஎம் கோல்டு’ என்னும் இனத்தையும் உருவாக்கியிருக்கின்றனர். ஆகவே மொரப்பூர் வட்டாரத்தில் இத்தொழிலை மேற்கொள்ள எண்ணும் அங்கத்தினருக்கு வழி இருக்கிறது.

எனினும் வழியின் தொடக்கத்திலேயே ஒரு குழியும் இருக்கிறது. தாய்ப்பன்றியின் சினைக்காலம் சுமார் 114 நாட்கள். மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள் என்று நினைவில் வைத்துக் கொள்ளலாம். அத்தனை நாள் தீவனமிட்டுக் காத்த பின் எட்டு முதல் பன்னிரண்டு குட்டிகள் பிறக்கின்றன. பிறந்த இரண்டாம் நாள் ஒரு குட்டியின் வால் நனைந்து காணப்படும். மாலைக்குள் நான்கு குட்டிகள் நீராகக் கழியும். மறுநாள் காலை அவற்றுள் இரண்டு விறைத்துக் கிடக்கும். நான்கு மாத முதலீடு நான்கு நாட்களில் கரைந்து போவது இவ்விதமே. இந்நோய் ஏன் வருகிறது, எவ்வாறு தடுப்பது என்பதை இங்கு விளக்க முற்படுகிறோம்.

பால் குற்றவாளி அன்று

கழிச்சல் கண்டதும் “தாய்ப்பால் மிகுந்துவிட்டது, பால் சேரவில்லை” என்று எண்ணிக் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து வைப்பாருண்டு. இது எரியும் வீட்டில் தண்ணீர்க் குடத்தை உடைப்பதற்கு ஒப்பாகும். முதல் வாரக் கழிச்சலுக்குப் பெரும்பாலும் காரணம் கண்ணுக்குப் புலப்படாத பாக்டீரியாக் கிருமிகளே. அவற்றை எதிர்க்கும் ஆயுதம் தாயின் பாலில்தான் இருக்கிறது. இக்கட்டுரை முழுவதிலும் அங்கத்தினர்கள் மனத்தில் கொள்ள வேண்டிய செய்தி இதுவே: குட்டியின் உயிரை நிலைநிறுத்துவது பெரிதும் முதல் நாளே, அதன் பின் வரும் மருந்துகளெல்லாம் துணை நிற்பவையே.

கோலிக் கிருமி செய்யும் வேலை

இக்கிருமிகளுள் முதலிடம் பெறுவது ‘எஷரிக்கியா கோலி’ என்பது. 1885-ஆம் ஆண்டில் தியோடர் எஷரிக் என்னும் குழந்தை மருத்துவர் கைக்குழந்தைகளின் மலத்தில் இதைக் கண்டறிந்து விவரித்தார். மனிதர், மாடு, பன்றி ஆகிய எல்லாருடைய குடலிலும் இது வாழ்கிறது. பெரும்பாலான வகைகள் தீங்கு செய்வதில்லை. அங்ஙனமாயின் ஒரு சில வகைகள் மட்டும் குட்டிகளைக் கொல்வது எதனால்?

அவற்றிடம் இரண்டு கருவிகள் இருக்கின்றன. முதலாவது, பற்றிக்கொள்ளும் நுண்ணிய இழைகள். சிறுகுடலின் உட்பக்கம் டர்க்கித் துண்டின் நூல் வளையங்களைப் போன்ற எண்ணற்ற சிறு விரல்களால் நிறைந்தது. குடல் அசைந்து உணவை முன்னே தள்ளுகையில், பற்றுக்கோடில்லாத கிருமிகள் அதனோடு அடித்துச் செல்லப்படும். இழையுள்ள கிருமியோ அவ்விரல்களில் ஒட்டிக்கொண்டு, அங்கேயே பெருகுகிறது. கே 88, கே 99 என்று முன்பு பெயரிடப்பட்டு இன்று எஃப் 4, எஃப் 5 எனப்படுபவையும், எஃப் 6, எஃப் 41 என்பவையும் இவ்வகை இழைகளே.

இரண்டாவது கருவி நஞ்சு. ஒட்டிய இடத்தில் இருந்துகொண்டே கிருமி இந்நஞ்சைச் சுரக்கிறது. அது குடலைப் புண்ணாக்குவதில்லை; உடலிலுள்ள நீரையும் உப்பையும் குடலுக்குள் கொட்டும்படி குடற்சுவரை ஏவுகிறது. ஆகவே இந்நோயால் இறந்த குட்டியை அறுத்துப் பார்த்தால், வயிற்றில் தயிர்போல் உறைந்த பால் அப்படியே இருக்கும், குடலோ நீரால் புடைத்திருக்கும், புண் காணப்படாது. பிறந்த குட்டியின் எடையில் நூற்றுக்குச் சுமார் எண்பது பங்கு நீர். ஒன்றரை கிலோவும் தேறாத உடல் அந்நீரை இழந்தால் எத்தனை நேரம் தாங்கும்? கண் குழிந்து, தோல் சுருங்கி, உடல் சில்லிட்டு இறந்துபடுகிறது.

இவ்விரு கருவிகளும் சேர்ந்தால்தான் நோய் முற்றும் என்பதை 1971-இல் இங்கிலாந்தில் ஸ்மித், லிங்குட் ஆகிய இருவர் பன்றிக்குட்டிகளிலேயே சோதித்துக் காட்டினர். கே 88 இழையை இழக்கச் செய்த கிருமி கழிச்சலை உண்டாக்கும் வல்லமையை இழந்தது. குடலில் நீரைக் கொட்டச் செய்வது கிருமியின் நஞ்சே என்னும் கருத்துக்கு அடிப்படையிட்டவர் நம் நாட்டவர் என்பது பெருமைக்குரிய செய்தி. கல்கத்தாவின் டாக்டர் சம்புநாத் தே, முயலின் குடலில் ஒரு பகுதியைக் கட்டி, அதனுள் காலராக் கிருமிகளை நீக்கி வடித்த நீரைச் செலுத்தினார். அப்பகுதி நீரால் நிறைந்தது. 1959-இல் இதை அவர் வெளியிட்டார். அதற்கு முன்பே, 1956-இல், கோலிக் கிருமிகளையும் இம்முறையில் ஆராய்ந்திருந்தார். மனிதனின் காலராவும் பன்றிக்குட்டியின் கழிச்சலும் இவ்வகையில் உறவுடையவை.

இரத்தக் கழிச்சல்

மற்றொரு பகைவன் ‘கிளாஸ்டிரிடியம் பெர்பிரிஞ்சன்ஸ்’ என்பதன் ‘சி’ வகை. இது குடற்சுவரையே அழுகச் செய்கிறது. பிறந்த முதல் மூன்று நாட்களுக்குள் செந்நிற அல்லது கருஞ்சிவப்புக் கழிச்சல் தோன்றினால் இதையே ஐயுற வேண்டும். பல குட்டிகள் ஒரு நாளைக்குள் இறந்துவிடும். சில குட்டிகள் கழிச்சல் தோன்றுமுன்பே இறப்பதும் உண்டு.

இங்கு ஒரு நுட்பம் அறியத்தக்கது. இக்கிருமியின் நஞ்சைச் செரிமான நீரிலுள்ள டிரிப்சின் என்னும் பொருள் சிதைத்துவிடும். ஆனால் பிறந்த குட்டியிடம் டிரிப்சின் குறைவு. சீம்பாலிலும் அதனைத் தடுக்கும் பொருள் இருக்கிறது. சீம்பாலிலுள்ள நோயெதிர்ப்புப் பொருள் செரித்துப் போகாமல் குட்டியின் இரத்தத்தை அடைய இயற்கை செய்த ஏற்பாடு அது. அதே ஏற்பாட்டின் நிழலில் நஞ்சும் தப்பிவிடுகிறது. அந்நஞ்சுக்கு எதிரான பொருள் தாயின் சீம்பாலில் முன்னரே அமைந்திருந்தால் மட்டுமே குட்டி பிழைக்கும். ஆகையால் இந்நோயில் குட்டிக்குச் செய்யும் சிகிச்சையினும் சினையிலிருக்கும் தாய்க்குப் போடும் தடுப்பூசியே பயன் தருவது. இக்கிருமியின் வித்துக்கள் மண்ணிலும் கொட்டில் தரையிலும் நெடுங்காலம் உயிரோடிருக்கும் என்பதையும் மறத்தலாகாது.

இவையன்றி, அதே கிருமியின் ‘ஏ’ வகை பசைபோன்ற கழிச்சலை உண்டாக்குவதாகக் கருதப்படுகிறது. ‘கிளாஸ்டிரிடியாய்டிஸ் டிபிசில்’ என்பதும் முதல் வாரத்துக் குட்டிகளைப் பற்றுகிறது.

எக்காரணம் என்று அறிவது எவ்வாறு?

வயது முதல் அடையாளம். பிறந்த சில மணி நேரம் முதல் நான்கு நாட்களுக்குள் நீராகக் கழிந்தால் கோலிக் கிருமியையும், இரத்தம் கலந்தால் கிளாஸ்டிரிடியத்தையும் முதலில் நினைக்க வேண்டும். ஐந்து நாட்களுக்குப் பின் மஞ்சள் நிறத்தில் பசைபோல் கழிந்தால், பாக்டீரியா அல்லாத ‘காக்சிடியா’ என்னும் ஒட்டுண்ணி காரணமாயிருக்கலாம். தாய்களும் வளர்ந்த பன்றிகளும் குட்டிகளும் ஒரே சமயத்தில் கழிந்து வாந்தியும் எடுத்தால் அது வைரஸ் நோயாக இருக்கக்கூடும்.

எளிய சோதனை ஒன்றும் உண்டு. சிவப்பு லிட்மஸ் தாளைக் கழிச்சலில் தோய்த்தால், கோலிக் கிருமியின் கழிச்சல் காரத்தன்மை உடையதாகையால் தாள் நீலமாக மாறும். வைரஸ் நோய்களில் பால் செரியாமல் புளித்துவிடுவதால் கழிச்சல் பெரும்பாலும் அமிலமாயிருக்கும். இது ஒரு குறிப்பேயன்றி முடிந்த முடிவு அன்று. இறந்த குட்டியைப் புதைக்குமுன், அது புதிதாயிருக்கும்போதே கால்நடை மருத்துவரிடம் காட்டிப் பரிசோதிக்கச் செய்வதே மீதமுள்ள குட்டிகளைக் காக்கும் வழி.

சீம்பாலின் அருமை

மனிதக் குழந்தை கருவிலிருக்கும்போதே தாயின் இரத்தத்திலிருந்து நோயெதிர்ப்புப் பொருளைப் பெறுகிறது. பன்றியின் நஞ்சுக்கொடி அமைப்பு அதற்கு இடந்தருவதில்லை. பன்றிக்குட்டி வெறுங்கையோடு பிறக்கிறது. அதன் முதல் சொத்து சீம்பாலே.

அச்சொத்தைப் பெறுவதற்குக் காலக்கெடுவும் உண்டு. எதிர்ப்புப் பொருளை முழுமையாக உறிஞ்சி இரத்தத்தில் சேர்க்கும் திறன் குட்டியின் குடலுக்கு முதல் 24 முதல் 36 மணி நேரம் வரையே இருக்கிறது. அது மணிக்கு மணி குறைந்தும் வருகிறது. சீம்பாலின் சத்தும் ஈற்றுக்குப் பின் விரைவாகக் குறைகிறது. ஆகவே முதல் ஆறு மணி நேரத்தைப் பொன்னாகக் கருத வேண்டும். ஒவ்வொரு குட்டியும் முதல் நாளில் சுமார் 200 முதல் 250 கிராம் சீம்பால் குடித்தல் அவசியம். பின்னர்ச் சுரக்கும் பாலிலும் குடற்சுவரின் மேல் படிந்து காக்கும் வேறொரு எதிர்ப்புப் பொருள் நாள்தோறும் வந்துகொண்டிருக்கும். தாயைப் பிரித்தால் இந்தக் காப்பும் போய்விடும்.

ஈற்றின்போது ஒருவர் அருகிலிருந்து, ஒவ்வொரு குட்டியின் மூக்கையும் வாயையும் துடைத்து, மெலிந்த குட்டியைக் காம்பில் சேர்க்க வேண்டும். குட்டிகள் பன்னிரண்டுக்கு மேற்பட்டால், முதலில் பிறந்து வயிறு நிறைந்தவற்றை ஒரு மணி நேரம் வெதுவெதுப்பான பெட்டியில் வைத்து, சிறியவற்றைக் குடிக்க விடலாம். பின் மாற்றிக் கொள்ளலாம்.

தாயின் சீம்பாலில், அவள் சந்தித்த கிருமிகளுக்குரிய எதிர்ப்புப் பொருளே மிகுதியாக இருக்கும். சினைப்பன்றியை வெளியூரில் வாங்கி ஈற்றுக்கு இரண்டு நாள் முன் கொண்டுவந்தால், நம் கொட்டிலின் கிருமி அவளுக்குப் புதிது. குறைந்தது மூன்று நான்கு வாரங்களுக்கு முன்பே கொண்டுவந்து பழக்குதல் வேண்டும். தலையீற்றுப் பன்றிகளின் குட்டிகளுக்குக் கழிச்சல் மிகுதியாக வருவதற்கும் இதுவே முக்கிய காரணம். சினையின் பிற்பகுதியில் சில வார இடைவெளியில் இரு முறை போடப்படும் தடுப்பூசிகள் இக்குறையை ஈடுசெய்கின்றன. அவற்றைப் பற்றிக் கால்நடை மருத்துவரை முன்கூட்டியே கேட்டறிக.

வெப்பமும் உலர்ச்சியும்

பன்றிக்குட்டிக்கு உடலில் கொழுப்பு மிகக் குறைவு. முதல் நாட்களில் அதற்கு வேண்டிய வெப்பம் சுமார் 34 டிகிரி செல்சியஸ். தாய்க்கோ 20 டிகிரியே இதமானது. மார்கழி, தை மாதங்களில் நம் பகுதியில் விடியற்காலக் குளிர் எவ்வளவு என்பதை அங்கத்தினர் அறிவர். குளிரில் நடுங்கும் குட்டி பால் குடிக்க எழுவதில்லை. அதன் குடலசைவும் தளர்கிறது. குடலசைவு தளர்ந்தால் கிருமி அடித்துச் செல்லப்படாமல் தங்கிப் பெருகுகிறது. குளிர் தனியே நோயை உண்டாக்குவதில்லை; நோய்க்குக் கதவைத் திறந்துவிடுகிறது.

ஆதலின் கொட்டிலின் ஒரு மூலையில் மூன்று பக்கமும் மேலும் அடைத்த ஒரு பெட்டியோ தடுப்போ அமைத்து, உலர்ந்த வைக்கோலிட்டு, தாய்க்கும் குட்டிக்கும் எட்டாத உயரத்தில் வெப்பம் தரும் மின்விளக்கைத் தொங்கவிட வேண்டும். வைக்கோலில் தீப்பற்றாதபடி விளக்கைச் சங்கிலியால் கட்டுதல் நன்று. வெப்பமானி இல்லையே எனக் கவலற்க. குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்திருந்தால் குளிர். விளக்கை விட்டு விலகிக் கிடந்தால் வெப்பம் மிகுதி. பக்கம் பக்கமாகப் பரவிப் படுத்திருந்தால் சரியான அளவு.

நம் மாவட்டத்தில் பட்டுப்புழு வளர்ப்போர், ஒவ்வொரு வளர்ப்புக்கு முன்பும் மனையைக் கழுவிக் கிருமிநீக்கம் செய்த பின்னரே புழுவை இறக்குகின்றனர். அதே ஒழுங்கை ஈற்றுக் கொட்டிலிலும் கையாள வேண்டும். ஓர் ஈற்றுக்கும் அடுத்த ஈற்றுக்கும் இடையே சாணம், படுக்கை யாவற்றையும் அகற்றி, சோப்பு நீரால் தேய்த்துக் கழுவி, கிருமிநாசினி தெளித்து, சுண்ணாம்பு பூசி, சில நாட்கள் வெயிலும் காற்றும் படும்படி காலியாக விட வேண்டும். அழுக்கின்மேல் தெளிக்கும் கிருமிநாசினி வீணே. முதலில் தேய்த்துக் கழுவுவதே இன்றியமையாதது. தாயையும், சிறப்பாக மடியையும், வெந்நீரும் சோப்பும் கொண்டு கழுவிய பின் கொட்டிலுக்குள் விடுக. தொப்புள் கொடிக்கு அயோடின் இடுக. ஈற்றுக்குப் பின் சாணத்தை நாள்தோறும் நீக்கித் தரையை ஈரமின்றி வைத்திருக்க வேண்டும்.

நோய் வந்தபின் செய்யத்தக்கவை

முதலாவது, நீரையும் உப்பையும் ஈடுசெய்தல். நஞ்சு குடலில் நீரைக் கொட்டச் செய்தாலும், சர்க்கரையும் உப்பும் சேர்ந்து உள்ளே செல்லும் வாயில் ஒன்று திறந்தே இருக்கிறது. அவற்றைப் பின்பற்றி நீரும் உடலுக்குள் செல்கிறது. 1971-இல், வங்கதேசப் போரின்போது, பாங்காவ் அகதிகள் முகாமில் காலராப் பரவிய காலத்தில், டாக்டர் திலீப் மகலனபிஸ் உப்பு-சர்க்கரைக் கரைசலை வாய்வழியே கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பது வரை இருந்த இறப்பு நான்குக்கும் கீழே இறங்கியது. அதே உயிர்காப்புக் கரைசல் பன்றிக்குட்டிக்கும் பொருந்தும். கடையில் கிடைக்கும் பொட்டலத்தை, அதில் குறித்த அளவுப்படி காய்ச்சி ஆறிய நீரில் கரைத்து, ஆழமில்லாத தட்டில் வைக்கலாம். குடிக்கவியலாத குட்டிக்கு ஊசியில்லாத சிரிஞ்சியால் சிறிது சிறிதாக நாக்கின்மேல் விடலாம். ஒரு நாளுக்கு மேல் பழகிய கரைசலைக் கொட்டிவிட வேண்டும். பால் நிறுத்தலாகாது.

இரண்டாவது, நோய் பரவாமல் காத்தல். நலமுள்ள ஈற்றுக் கொட்டிலை முதலில் கவனித்து, நோயுற்ற கொட்டிலைக் கடைசியில் கவனிக்க வேண்டும். ஒரே துடைப்பம், ஒரே செருப்பு இரண்டு கொட்டிலுக்கும் ஆகாது. வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் கை கழுவுதல் வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் காப்பாகும்.

மூன்றாவது, மருந்து. பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து வைரஸையும் காக்சிடியாவையும் கொல்லாது. கோலிக் கிருமியோ, அரைகுறையாக மருந்து பெற்றால் அம்மருந்தை வெல்லக் கற்றுக்கொள்கிறது; கற்றதைப் பிற கிருமிகளுக்கும் கொடுக்கிறது. நாளை நம் வீட்டுக் குழந்தைக்கு நோய் வரும்போது அதே மருந்து பலிக்காமற் போகலாம். இவ்வபாயத்தைக் கருதியே, ‘கோலிஸ்டின்’ என்னும் மருந்தை உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கும் கோழிகளுக்கும் தயாரிப்பதையும் விற்பதையும் 2019 ஜூலையில் மத்திய அரசு தடை செய்தது. ஆகவே அண்டை வீட்டில் மிஞ்சிய ஊசிமருந்தை வாங்கிப் போடுதல் கூடாது. எம்மருந்து, எவ்வளவு, எத்தனை நாள் என்பதைக் கால்நடை மருத்துவரே தீர்மானிக்க வேண்டும். 1962 என்னும் தொலைபேசி எண்ணில் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம்.

சங்கத்தின் கடமை

தனியொருவரால் இயலாதது சேர்ந்தால் எளிதாகும் என்பதே கூட்டுறவின் அடிப்படை. பன்றி வளர்க்கும் அங்கத்தினர் ஐந்து பேர் சேர்ந்தால், உயிர்காப்புக் கரைசல் பொட்டலங்களும், லிட்மஸ் தாளும், அயோடினும் ஒரு பொது இடத்தில் இருப்பு வைக்கலாம். ஈற்றுத் தேதியை அறிந்து ஒருவருக்கொருவர் இரவுக்காவலுக்கு உதவலாம். தடுப்பூசி மருந்தை ஒன்றாக வரவழைத்தால் செலவு பங்காகும். ஒவ்வொரு ஈற்றிலும் பிறந்தவை எத்தனை, கழிச்சல் எந்நாளில் தோன்றியது, இறந்தவை எத்தனை என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்தால், மருத்துவர் வரும்போது அக்குறிப்பே பாதி நோயைக் கண்டறிந்துவிடும்.

தறியில் பாவு ஓடும்போது அறுந்த இழையை அப்போதே முடிந்தால் ஒரு முடிச்சோடு போகும்; நெய்து முடித்த பின் பார்த்தால் துணி முழுதும் பழுதாகும். பன்றிக்குட்டியின் முதல் நாளும் அத்தகையதே. சீம்பால், வெப்பம், உலர்ந்த தரை ஆகிய மூன்றையும் அந்நாளில் தவறாது அளித்தல் நம் கையில் இருக்கிறது. வருங்குளிர் காலத்தில் ஈற்றை எதிர்நோக்கும் அங்கத்தினர்கள் இப்போதே கொட்டிலைச் செப்பனிடத் தொடங்குவார்களாக.